நாற்காலியில் உட்காருவதற்கு முன்

அந்த டாக்டரம்மா யாரையும் வந்தவுடன் உட்காரச் சொல்ல மாட்டார். வெளியே பெஞ்சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். உள்ளே, விளக்கு வைத்த பெரிய நாற்காலியில்தான் கூடாது. தினமும் காலையில் அதன் மேல் நான் துவைத்த துணி ஒன்றைப் போர்த்தி வைப்பேன். வந்தவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சரி என்று சொன்ன பிறகுதான் அந்தத் துணியை எடுக்க வேண்டும். அதுவரை டாக்டரும் நிற்பார், வந்தவரும் நிற்பார், ஓரத்தில் நானும் நிற்பேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

"வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்கறவங்க எப்படிக்கா வேணாம்னு சொல்வாங்க? நின்னுட்டு இருக்கும்போதே கெட்டதைச் சொல்லிடணும். போறவங்க அப்படியே போயிடலாம் பாருங்க" என்றார்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் அவருடைய பல் கிளினிக் இருந்தது. பின்பக்கம் அவர் குடும்பம். தொண்ணூற்றைந்தில் பெருக்கித் துடைக்கத்தான் அங்கே சேர்ந்தேன். அப்புறம் கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைப்பது, துப்புகிற கிண்ணத்தைத் தேய்ப்பது, பயந்தவர்கள் கையைப் பிடித்துக்கொள்வது என்று வேலை கூடிக்கொண்டு போனது. பேசுகிற வேலை எதுவும் இல்லை. அதனாலேயே அந்த இடம் எனக்கு ஒத்துப்போனது. புது ஆளைக் கண்டால் எனக்கு இப்போதும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கோலார் தங்கவயல்காரர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதன் மேல் வெள்ளைக் கோட்டு. அவர் பல் மட்டும் நல்ல மஞ்சள். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு அம்மாள் நேராகவே கேட்டாள், உங்கள் பல்லே இப்படி இருக்கிறதே என்று. "மஞ்சளா இருக்கு, கெட்டியா இருக்கு. எனக்கு அது போதும். உங்களுக்கு எது வேணும்னு நீங்க பாருங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

கெட்டதை முதலில் சொல்லும் பழக்கம் கிளினிக்கோடு நிற்கவில்லை. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்துவார். ஏறுவதற்கு முன்பே, அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், திரும்பி வரும்போது சவாரியும் கிடைக்காது என்பார். அவன் "பேட மேடம்" என்று கன்னடத்தில் வேண்டாமென்றுவிட்டுப் போய்விடுவான். இப்படி மூன்று ஆட்டோ போன பிறகு நடந்தே கிளம்புவார். முகத்தில் எந்த வருத்தமும் இருக்காது. அவரைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும், கோபம் வரும், காலையில் எழ முடியாது, சமையல் வராது என்று இவரே வரிசையாகச் சொல்லிவிட்டாராம். அவருடைய அம்மா இதை என்னிடம் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். அப்படி வந்து கேட்டவர்களில் ஒருவர் மட்டும் சிரித்தாராம். அவர்தான் டாக்டரம்மாவின் கணவர். பேங்கில் வேலை. மனைவி பேச ஆரம்பித்தால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

பல் வெளுக்கும் லேசர் மெஷினை வாங்க வைத்ததும் அவர்தான். இரண்டாயிரத்து இரண்டு, மூன்று இருக்கும். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி, போனில் பேசுகிற கம்பெனி. அதில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும் பல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று இந்திரா நகர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே வருகிறவர்கள் சொத்தைப் பல்லோடு வருகிற பழைய ஆட்கள்தான். மெஷின் ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. கொக்கு கழுத்தை வளைத்த மாதிரி ஒரு கை, அதன் நுனியில் நீல வெளிச்சம். டாக்டரம்மாவின் அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். கம்பெனி ஆள் பல் தெரியச் சிரிக்கும் பெண் படம் ஒன்றைக் கொடுத்து, போர்டில் இதைப் பெரிதாகப் போடுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்டு எழுத வந்தவர் சிவாஜி நகர்க்காரர். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் எழுதுவார். மேலே 'லேசர் முறையில் பல் வெண்மை' என்று எழுதி முடித்தார். அதற்குக் கீழே 'பல் கூச்சம் வரலாம், வெண்மை நிலைக்காது' என்று மூன்று பாஷையிலும் எழுதச் சொன்னார் டாக்டரம்மா. எழுத வந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ஆயாம்மா, உங்க மேடம் கடையத் தொறக்கறாங்களா, மூடறாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். டாக்டரம்மாவின் கணவர் இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை.

வந்தவர்களுக்கு நின்றபடி டாக்டரம்மா சொல்வதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் நான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

"இந்த வெளிச்சம் கொஞ்சம் வேலைதான் செய்யும். மிச்ச வேலையெல்லாம் பல்லு மேல தடவுற மருந்து செய்யறது. அது பல்லுக்குள்ள எறங்கும். அன்னிக்கும் மறுநாளும் சில பேருக்குச் சுள்ளுனு இழுக்கும், பச்சத் தண்ணி குடிக்க முடியாது. ஈறுல பட்டா வெந்து வெள்ளையாயிடும், ஆற ரெண்டு மூணு நாளாகும். சொத்தை இருந்தா மொதல்ல அதை அடைக்கணும், அடைக்காமப் பண்ணினா வலி தலைக்கு ஏறும். முன்னாடி கட்டின பல்லு இருந்தா அது வெளுக்காது. பக்கத்துப் பல்லெல்லாம் வெளுத்து, அது மட்டும் பழசாத் தெரியும். காபி, டீ குடிக்கறவங்களுக்கு ஒரு வருஷத்துல மறுபடி மங்கிடும்."

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்குவார். எதிரே நிற்பவர் கதவைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்.

"இப்போ நல்லது. ஊசி இல்ல, பல்லைச் சீவறதில்ல. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். வயசுல வர்ற மஞ்சளும் காபிக் கறையும் நல்லாவே போகும். கண்ணாடியில பார்த்தா சந்தோஷமா இருக்கும். அந்தச் சந்தோஷம் பொய் இல்ல."

பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள். கல்யாணப் பெண்களிடம் இன்னொன்றும் கேட்பார், நலங்கு என்றைக்கு என்று. அல்சூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாய்க்கு அது பிடிக்கவில்லை. பல் டாக்டருக்கு நலங்கு தேதி எதற்கு, பத்திரிகை வைக்க வேண்டுமா என்று கேட்டார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மருந்து வைத்த இரண்டு நாளைக்குக் கலர் எது பட்டாலும் பல் பிடித்துக்கொள்ளும். நலங்கு வைக்கும்போது மஞ்சள் வாயில் போகும், விருந்தில் சாம்பார் இருக்கும், மறுநாள் வெற்றிலை போடுவார்கள். ஆகையால் பத்து நாள் முன்னால் வாருங்கள், இல்லை எல்லாம் முடிந்து வாருங்கள். அந்தத் தாய் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெண் போகிற போக்கில் மெஷினைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

எல்லாரும் ஓடிப்போனார்கள் என்று சொல்ல முடியாது. ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர், வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுத்த பல், முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி டாக்டர், பேரன் பொறந்திருக்கான், போட்டோ எடுக்கணும்" என்றார். நான் துணியை எடுத்தேன். டாக்டரம்மா முதலில் கறையைச் சுரண்டி எடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி வெளுத்து விட்டார். முடிந்ததும் கண்ணாடியை நான்தான் பிடித்தேன். மனுஷன் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது. அடுத்த வாரம் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வெளுத்ததில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது என் வீட்டில் என் பெண் இருந்தாள். இருபத்து மூன்று வயது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் பொத்தான் சரி பார்க்கும் வேலை. ஒன்பது வயது வரை தர்மபுரிப் பக்கம் என் மாமியார் ஊரில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அந்தத் தண்ணீரில் முன்பல் நான்கும் பழுப்புக் கோடும் வெள்ளைத் திட்டுமாக இருந்தது. அவள் அப்பா இறந்த பிறகு பெங்களூருக்கு, ஜோகுபாளையத்துக்கு வந்தோம். பல் மாறவில்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண் நல்ல பெண்தான், பல்லுதான் என்று இழுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒரு இடம், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவும் போய்விட்டால் அப்புறம் யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை. அவள் கவலை என்ன என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் பெண்ணுக்கு அந்த மெஷின் வைத்துவிட வேண்டும் என்று. உடனே கூட்டி வரச் சொன்னார். காசு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்றார்.

"நான் அவகிட்டப் பேசறேன், கூட்டிட்டு வாங்க."

"பேச வேணாம்மா. பயந்துடுவா. நீங்க சும்மா வெச்சு விட்டுடுங்க. அதெல்லாம்தான் நான் தினம் கேக்கறேனே."

"கேட்டது நீங்கக்கா. பல்லு அவளோடது."

அப்புறமும் சொன்னார். தண்ணீரால் வந்த கறை வேறு ஜாதி, பழுப்பு கொஞ்சம் குறையலாம், வெள்ளைத் திட்டு முதல் சில நாள் இன்னும் எடுப்பாகத் தெரியும், ஒரு தடவையில் முடியாது, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றால் கட்டாயம் வேண்டாம் என்று. நான் தலையை ஆட்டினேன். வியாழக்கிழமை தலைவலி என்று லீவு கேட்டுக்கொண்டு, பெண்ணை இந்திரா நகருக்குக் கூட்டிப்போனேன். காசு எப்படியோ புரட்டினேன்.

அங்கே போனவுடனே உட்கார வைத்தார்கள். மெத்தென்ற நாற்காலி, எதிரே டிவி. சின்ன வயது டாக்டர் பெண் ஒருத்தி கையில் பேப்பரோடு வந்து, கன்னடமும் தமிழும் கலந்து கேட்டாள். பல்லில் சொத்தை இருக்கிறதா, கூச்சம் இருக்கிறதா, மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்லவா என்று. என் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். சொத்தை கிடையாது. கூச்சம் கிடையாது. நானே பல் டாக்டரிடம்தான் வேலை செய்கிறேன், எல்லாவற்றையும் இவளுக்குச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன். புது ஆளிடம் வாய் திறக்காத நான் அன்று ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வருஷக் கணக்காக அவள் மிட்டாயை இடது பக்கம் ஒதுக்கி மெல்லுவது எனக்குத் தெரியும்.

வெளிச்சம் படாமல் இருக்கக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவதற்கு முன்னால் பெண் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாது இல்லம்மா?"

"ஒண்ணும் ஆகாது. நான் தினம் பார்க்கறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வலி தொடங்கிவிட்டது. வலது கீழ்ப்பல்லில் இழுத்து, காதுக்குப் போய், தலைக்கு ஏறியது. ஈறில் ஒரு இடம் வெந்து சுண்ணாம்பு மாதிரி இருந்தது. காற்றுப் பட்டால் துடித்தாள். பல்லோ பழுப்பு மங்கி, திட்டு மட்டும் எடுத்து ஒட்டின மாதிரி தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு, பெண்ணுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் காக்ஸ் டவுனுக்கே கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். நிற்க வைத்துப் பேசவில்லை, துணியை அவரே எடுத்துப் போட்டார். சொத்தையைத் திறந்து மருந்து வைத்து, ஈறுக்குத் தடவி, வலி அடங்கும் வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு பின்கட்டில் அவருடைய அம்மாவின் கட்டிலில் படுக்க வைத்தோம். எங்கே செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உடனே போனை எடுத்தார்.

அவர் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். சொத்தை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எப்படி மருந்து வைத்தீர்கள், கேட்க வேண்டாமா, சொல்ல வேண்டாமா என்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும் சத்தம் போட்டார். பிறகு அந்தப் பக்கம் பேசினார்கள். இவர் குரல் இறங்கியது. "சரி, சரி" என்றார். போனை வைத்தார். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த தட்டு.

"கேட்டாங்களாம்க்கா. நீங்கதான் பதில் சொன்னீங்களாம்."

தட்டைக் கீழே வைத்தேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நான் இல்ல."

அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் இருந்தவரைக் கூப்பிட்டார், நிற்க வைத்தார், கெட்டதை முதலில் சொல்ல ஆரம்பித்தார். அதற்கப்புறம் என்னோடு பேச்சுக் குறையவில்லை, முகம் கோணவில்லை, அக்கா என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவர் அந்த வரிசையைச் சொல்லத் தொடங்கினால் நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். சரி என்று யாராவது சொன்னால், துணியை எடுக்க அவர் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய கணவருக்கு மைசூருக்கு மாற்றலானது. கிளினிக்கை மூடினார்கள். லேசர் மெஷினை இந்திரா நகர்க்காரர்களே வாங்கிக்கொண்டார்கள். பேரம் பேச வந்தவரிடம் அதில் என்னென்ன கோளாறு என்று இவர் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். போகும்போது எனக்கு ஒரு புடவை கொடுத்தார், துவைத்தால் சாயம் போகும் என்று சொல்லிக் கொடுத்தார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சொல்ல வேண்டும் என்று பல நாள் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெண்ணுக்கு வலி அடங்கி இரண்டு வாரத்தில், அந்த மூன்றாவது இடத்தைக் கொண்டுவந்த எங்கள் தெருப் பூக்காரம்மா மறுபடி வந்தாள். பல் ஈறெல்லாம் ஆறி, திட்டும் பழுப்பும் கொஞ்சம் கலந்து, பார்க்கும்படியாக இருந்தது. வருகிற ஞாயிறு வருகிறார்கள் என்றாள். பையன் எலக்ட்ரிக் கடையில் வேலை, குடி கிடையாது, சொந்தமாக ஓட்டு வீடு. எல்லாம் சொல்லிவிட்டு எழுந்தவள், வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். பையனுக்கு ஒரு காது கேட்காது, சின்ன வயதில் காய்ச்சலில் போனது.

"பொண்ணுகிட்ட இப்ப சொல்லாத. தாலி கழுத்துல ஏறினா எல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடும். உன் பொண்ணுக்கும்தான் பல்லு இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. பெண் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொள்ள முக்காலியை இழுத்துப் போட்டாள். மல்லிகைச் சரம் என் கையில் இருந்தது. அவள் குனிந்து உட்காரப் போனாள்.

"உட்காராத. கொஞ்சம் நில்லு" என்றேன்.

முதலில் இந்திரா நகரைச் சொன்னேன். அந்த மருந்து என்ன செய்யும், எங்கே வலிக்கும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும், தெரிந்துதான் ஒன்றும் ஆகாது என்றேன் என்று. பிறகு காதைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதாலோ திட்டினாலோ எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்தக் காது?" என்று கேட்டாள்.

"இடது."

என் கையிலிருந்த சரத்தை வாங்கித் தானே வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாளா, இல்லையா, எதுவும் தெரியவில்லை. வெளியே செருப்பு விடும் சத்தம் கேட்டது.

ஒற்றை அறை வீடு. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்தார்கள், சமையல் இடம் மாப்பிள்ளைக்கு இடது பக்கம். பெண் காபித் தட்டை எடுத்துக்கொண்டு அங்கிருந்துதான் வர வேண்டும், நேராக வந்து நீட்டினால் இரண்டு அடி. அவள் நேராக வரவில்லை. டிவி ஸ்டாண்டுக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒடுங்கிக் கடந்து, கட்டிலைச் சுற்றிப் போய், அவருக்கு வலது பக்கம் நின்றாள்.

"சர்க்கரை போதுமான்னு பாருங்க" என்றாள், மெதுவாகத்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். "போதும்ங்க" என்றார்.

அவருடைய அம்மா, பெண் நின்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.